கல்யாண ஃபோட்டோல உங்க வீடு தெரியணும்னா என்ன பண்ணலாம்

எங்க அக்கா கல்யாண ஆல்பத்த இப்ப எடுத்துப் பாத்தாலும் மனசு ஒரு மாதிரி ஆயிடும். நல்ல கனமான ஆல்பம், அக்காவும் மாமாவும் அவ்ளோ அழகா இருக்காங்க, ஆனா எங்க அப்பா ரெண்டே ரெண்டு ஃபோட்டோலதான் இருக்கார். ஒண்ணு தாரை வாக்கும்போது எடுத்தது, அதுல வீடியோ எடுக்கறவர் குறுக்க வந்து அப்பா முகம் பாதி மறைஞ்சிருச்சு, இன்னொண்ணு கடைசியா எடுத்த குரூப் ஃபோட்டோ, சட்டையெல்லாம் வேர்வைல நனைஞ்சு ஓரமா நிக்கறார். முதல் நாள் சாயங்காலத்துலேருந்து சமையல்கட்டு, பந்தி, வாசல்னு மனுஷன் ஓடிட்டே இருந்தார், கேமரா மேடைய விட்டு இறங்கவே இல்ல.

அதுக்கப்புறம்தான் நானே கேமரா வாங்கி சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸ் கல்யாணத்துக்கெல்லாம் எடுக்க ஆரம்பிச்சேன். கல்யாண ஃபோட்டோ வித்தியாசமா வரணும்னா என்ன போஸ் குடுக்கலாம்னு நிறைய பேர் கேக்கறாங்க. போஸ் எல்லா ஆல்பத்துலயும் ஒண்ணுதாங்க, உங்க வீட்டு ஆளுங்க மட்டும்தான் வேற எந்த ஆல்பத்துலயும் இருக்க மாட்டாங்க. அங்கேருந்து யோசிங்க.

முதல்ல ஒரு லிஸ்ட் போடுங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி உக்காந்து, யார் யார் இல்லாட்டி இந்தக் கல்யாணமே நடந்திருக்காதுன்னு எழுதுங்க, பத்துப் பதினஞ்சு பேர் வருவாங்க. தாய்மாமா, உங்கள தூக்கி வளத்த அத்தை, காலேஜ் ஃபீஸ் கட்டுன பெரியப்பா, அந்த மாதிரி. அவங்க ஃபோட்டோவ பேரோட ஃபோட்டோகிராஃபருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அவருக்கு நம்ம வீட்டுல யாரையும் தெரியாது, பட்டுப் புடவை கட்டுனவங்க எல்லாரும் அவருக்கு ஒண்ணுதான். இதோட தம்பி, சித்தப்பா பையன் யாராவது ஒருத்தர அவர்கூடவே இருக்க சொல்லுங்க, "அண்ணே இவங்கதான் அந்த ஆச்சி"ன்னு காட்றதுக்கு. பத்து பைசா செலவில்லாத வேலை, இதுக்கு மேல ஒரு ஐடியா எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடுத்தது வெளிச்சம். பொண்ணு ரெடியாகற ரூம்ல ஜன்னல் இருந்தா ஜன்னல் பக்கமா உக்கார வச்சுட்டு டியூப் லைட்ட ஆஃப் பண்ணிடுங்க. ரெண்டும் சேந்தா முகத்துல ஒரு பக்கம் ஒரு நிறமாவும் இன்னொரு பக்கம் வேற நிறமாவும் விழும், அப்புறம் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணாலும் சரியா வராது. ஜன்னல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டுல விழும்போது ஜடைல வச்ச மல்லி, நெத்திச்சுட்டி, அம்மா பின்னாடி நின்னு புடவை மடிப்ப சரி பண்ற கை எல்லாம் தனித்தனியா தெரியும். அதிகாலை முகூர்த்தம்னா அந்த நேரம் ஜன்னல்ல வெளிச்சம் இருக்காது, அப்போ ஒரே ஒரு பல்ப மட்டும் எரிய விட்டு எடுக்க சொல்லுங்க.

முகூர்த்த நேரத்துக்கு ரெண்டு கேமரா வேணும், இதுல மட்டும் காசு பாக்காதீங்க. தாலி கட்டறத ஒரு கேமரா எடுக்கட்டும், இன்னொண்ணு மேடைல நின்னு கூட்டத்த பாத்து திரும்பியே இருக்கணும். கெட்டிமேளம்னு குரல் வந்ததும் ஹால் முழுக்க ஒரே நேரத்துல எந்திரிச்சு அட்சதை போடும், பாட்டி கண்ண மூடிக் கும்பிடும், சின்னப் பிள்ளை அரிசிய தன் தலைலயே போட்டுக்கும், அது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அட்சதை ஒவ்வொரு மணியா காத்துல நிக்கற மாதிரி வேணும்னா ஷட்டர் ஸ்பீட், அதாவது கேமரா திறந்து மூடற நேரம், 1/500 செகண்டோ அதவிட வேகமாவோ வைக்கணும், மழை மாதிரி கோடு கோடா வேணும்னா 1/60 போதும். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பி இருக்கறதையும் தவில்காரர் விரல்ல மாட்டியிருக்க கூட்டையும் கிட்டப் போய் எடுங்க, மேளத்த ஆல்பத்துல யாரும் வைக்கறதே இல்ல.

தாரை வாக்கறப்போ முகத்துக்கு ஒண்ணு எடுத்துட்டு உடனே கைக்கு இறங்கிடுங்க. பொண்ணோட அப்பா கை, மேல பொண்ணு கை, மாப்பிள்ளை கை, அம்மா ஊத்தற தண்ணி விரல் இடுக்கு வழியா வழிஞ்சு கீழ தாம்பாளத்துல விழறது. என் மாமா பொண்ணு கல்யாணத்துல இத எடுத்தேன், மாமா மெக்கானிக், எவ்ளோ சோப்பு போட்டும் நகக்கண்ல கிரீஸ் போகல, அந்தக் கறுப்பு நகத்துக்கு மேல மருதாணி போட்ட கை. அத தொடச்சு சுத்தம் பண்ணிடவான்னு ஆல்பம் டிசைன் பண்றவர் கேட்டார், தொடவே கூடாதுன்னு சொல்லிட்டோம்.

அதே மாதிரி இன்னொண்ணு, இத கண்டிப்பா முன்னாடியே பேசிடுங்க: முகத்த வெளுக்க வைக்கக் கூடாது. நம்ம ஊர்ல பல எடத்துல கேக்காமலே வெளுத்துத் தள்ளிடறாங்க, கறுப்பா லட்சணமா இருக்க பொண்ணு ஆல்பத்துல வேற யாரோ மாதிரி நிக்கும். பொறந்த நிறம் அப்படியே வேணும்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே சொல்லுங்க, அதோட ரெண்டு சாம்பிள் ஃபோட்டோவும் அனுப்ப சொல்லிப் பாத்துக்கோங்க.

ஊஞ்சல் வைக்கற வீடா இருந்தா, 1/15 செகண்ட் வச்சு ஊஞ்சல் ஆடற வேகத்துக்கே கேமராவயும் கூட ஆட்டி எடுக்கணும். பொண்ணும் மாப்பிள்ளையும் தெளிவா இருப்பாங்க, பின்னாடி இருக்க கூட்டமும் விளக்கும் கோடா இழுத்துக்கும். இருபது எடுத்தா ரெண்டுதான் தேறும், பரவால்ல. குடத்துல மோதிரம் தேடற விளையாட்ட நேரா மேலேருந்து எடுங்க, தண்ணிக்குள்ள ரெண்டு கையும் சண்டை போடறது தெரியும்.

இப்ப மேடைய விட்டு இறங்குங்க. விடிகாலை மூணு மணிக்கு சமையல்கட்டுல போய் நில்லுங்க, அண்டாலேருந்து ஆவி எந்திரிக்கும், ஒத்த பல்பு வெளிச்சத்துல அந்த ஆவிக்கு நடுவுல தலைல துண்டு கட்டுன மாஸ்டர் கரண்டியோட நிப்பார், அந்த வெளிச்சம் எந்த ஸ்டூடியோவுலயும் கிடைக்காது. பந்தில ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு வரிசையா போட்ட வாழை இலைய எடுங்க, சாப்பிட வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, பாதி சாப்பாட்டுல ஒண்ணு. மொய் எழுதற டேபிள், தாம்பூலப் பை குடுக்கற பிள்ளைங்க, செருப்பு குவிஞ்சு கிடக்கற வாசல், வாழைமரம் கட்டற ஆளுங்க, எல்லாமே உங்க கல்யாணம்தான். சாப்பிடறவங்க வாயில சோறு இருக்கும்போது மட்டும் எடுக்காதீங்க, பாவம்.

அவுட்டோர் ஷூட்டுக்கு மெரினா, மாமல்லபுரம்னு போறவங்களுக்கு ஒரு விஷயம், அங்க கடல் கிழக்குல இருக்கு, சூரியன் கடல்லேருந்து வரும், கடல்ல போய் மறையாது. அதனால விடியறதுக்கு அரை மணி முன்னாடியே மேக்கப்போட அங்க நிக்கணும். மாமல்லபுரம் சிற்பங்ககிட்ட டிரைபாட் வச்சு எடுக்க தொல்லியல் துறை அனுமதி வேணும். கோயில்ல கல்யாணம்னா கோயில் ஆபீஸ்ல முதல்லயே கேட்டுடுங்க, கோயிலுக்குள்ள செல்ஃபோன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல மதுரை ஹைகோர்ட்டு கிளை சொன்னதுலேருந்து நிறைய கோயில்ல கெடுபிடி ஜாஸ்தி. என்னக் கேட்டா பீச்ச விட, பொண்ணு படிச்ச ஸ்கூல் வாசல், அப்பா கடை, ரெண்டு பேரும் முதல்ல பேசுன பஸ் ஸ்டாப், வீட்டு மொட்டை மாடி, இதெல்லாம் எவ்ளோவோ மேல்.

அப்பா அம்மாவோட பழைய கல்யாண ஃபோட்டோ ஒண்ணு பீரோவுல இருக்கும், ஸ்டூடியோ ஸ்க்ரீன் முன்னாடி ரெண்டு பேரும் விறைப்பா நிப்பாங்க. அதே மாதிரி நீங்க ரெண்டு பேரும் நின்னு, முடிஞ்சா அம்மாவோட அந்தக் கூறைப் புடவையவே கட்டிட்டு, அதே உயரத்துல கேமரா வச்சு கறுப்பு வெள்ளைல ஒண்ணு எடுங்க. அப்புறம் அப்பா அம்மாவயும் அதே எடத்துல நிக்க வச்சு எடுங்க, வெக்கப்படுவாங்க, விடாதீங்க.

கடைசியா ஆல்பத்துக்கு செலக்ட் பண்றது. எல்லா ஃபோட்டோவயும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வாங்கி வேற வேற வீட்டுல வச்சுடுங்க. செலக்ஷன பொண்ணு மாப்பிள்ளை மட்டும் பண்ணாம ரெண்டு வீட்டு அம்மாவுக்கும் ஆளுக்குப் பத்து ஃபோட்டோ எடுக்க விடுங்க. எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல சித்தி முதல்ல எடுத்தது, சித்தப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு கடைசிப் பந்தில குனிஞ்சு யாருக்கோ ரசம் ஊத்தற ஃபோட்டோ. இப்ப அவங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கறது அதுதான்.