பட்டியல் வருவதற்கு முன்: வீட்டுத் திட்டத்துக்கும் ஊர் நிதிக்கும் எப்படித் தயாராவது

2017 யூலையில், யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் ஊர் மயிலிட்டியின் ஒரு பகுதியை விட்டார்கள். 27 வருடங்களுக்குப் பிறகு எங்கள் வளவைத் தேடிப் போனோம். பற்றைக்குள் கிணற்றுக் கட்டு மட்டும்தான் அடையாளம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்று, "இது எங்கட பங்குக் கிணறு. இதில இருந்து தெற்காலதான் வீடு" என்றார். கொஞ்ச நாளில் வீட்டுத் திட்டத்துக்குப் பதியச் சொன்னார்கள். எங்கள் கையில் இருந்தது அம்மாவின் வாய்ச்சொல்லும், எழுத்து அரைவாசி அழிந்த ஒரு காணி உறுதிப் பிரதியும். வீடு கிடைப்பவர்களின் முதல் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. "காணி உரித்துத் தெளிவில்லை" என்ற ஒரு வரிதான் காரணம். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய 14 மாதம் அலைந்தேன்.

பிறகு எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்து பல குடும்பங்களுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். திட்டம் அறிவித்த பிறகு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பிந்திவிடுகிறார்கள். காகிதம் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

வீட்டு இலக்கு எப்போதும் மேலே இருந்துதான் வரும். 1984இல் பத்து இலட்சம் வீடுகள் என்றார்கள். 2010இல் இந்தியா 50,000 வீடுகளை அறிவித்தது. பிறகு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. உப்புக் காற்றிலும் எங்கள் வெயிலிலும் இரும்பு என்ன பாடுபடும், அந்தக் காசுக்குக் கல்வீடே கட்டலாமே என்று மக்கள் எதிர்த்தார்கள், அது கைவிடப்பட்டது. 2020இல் கிராம அலுவலர் பிரிவு ஒன்றுக்கு ஒரு வீடு என்று நாடு முழுவதும் 14,022 வீடுகள், ஒன்றுக்கு 6 இலட்சம் ரூபா.

இந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒரு பிரிவில் வீடில்லாத குடும்பம் மூன்று இருக்கும், இன்னொன்றில் அறுபது இருக்கும். இரண்டுக்கும் ஒரு வீடுதான். தேவையை எண்ணாமல் வந்த இலக்கு அது. நாங்களே எண்ணி, எழுதி, முத்திரை வாங்கி வைத்திருந்தால்தான் "எங்கள் பிரிவுக்கு ஏன் ஒன்று?" என்று கேட்க முடியும். வெறும் வாயால் கேட்டால் அது முறைப்பாடாகப் போய்விடும்.

ஊர்ப் பட்டியலை எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். வீடு வீடாகப் போய் எழுதுங்கள்: குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள், கூரை ஓலையா தகரமா, மலசலகூடம் உண்டா, காணி யாருடைய பெயரில், எந்தக் காகிதம் இல்லை. கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். அதற்குத் தனியாக ஒரு நிரல் விடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும். தமக்கையின் வீட்டு விறாந்தையில் திரைச்சீலை கட்டிக் குடியிருப்பவர்களை யாரும் வீடில்லாதவர்கள் என்று எண்ணுவதில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் அப்படித்தான். இந்திய வீட்டுத் திட்டத்தில் புள்ளி முறை இருந்தது. அங்கத்தவர் கூடினால் புள்ளி கூடும், பெண் தலைமைக் குடும்பம், மாற்றுத்திறனாளி, முதியவர் என்று அதற்கும் புள்ளி உண்டு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பிள்ளை இல்லாத, அறுபது வயதை எட்டாத கணவன் மனைவிக்குப் போதிய புள்ளி சேராது. எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு சோடி நாலு பட்டியல் தாண்டியும் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள். ஊர்ப் பட்டியலில் அவர்களுடைய நிலையைத் தனிக் குறிப்பாக எழுதினோம். பிரதேச செயலகத்தில் அதை வைத்துத்தான் பேச முடிந்தது.

எழுதி முடித்ததும் சங்கக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். விதானையாரையும் (கிராம அலுவலர்) அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அழையுங்கள். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே தீரட்டும். கூட்ட அறிக்கையில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்ற முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

காணிக் காகிதம்

இங்கேதான் பெரும்பாலான பெயர்கள் விழுந்துபோகின்றன, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

உறுதி தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். உறுதி பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பதிவு இருக்கும். உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், வருடம், காணியின் பெயர் ஆகிய இவற்றில் எது தெரிந்தாலும் தேடலைத் தொடங்கலாம். எங்கள் காணிகளுக்குப் பெயர் இருப்பது இதற்கு உதவும். அம்மாவுக்கு உறுதி இலக்கம் நினைவில்லை, காணிப் பெயர் மட்டும் தெரியும். பக்கத்து வளவுக்காரரின் உறுதியில் "மேற்கு எல்லை" என்று எங்கள் அப்பப்பாவின் பெயர் இருந்தது. அந்த நுனியைப் பிடித்துத்தான் கண்டுபிடித்தேன். ஆகவே முதலில் அயலவரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள்.

உறுதி கையில் வந்ததும் கடைசி வரிகளை வாசியுங்கள். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் அங்கேதான் எழுதியிருக்கும். வழி உரிமை எழுதாத காணியில் வீடு கட்டியவர்கள், முன் வளவுக்காரர் மதில் எழுப்பிய அன்றுதான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பிரிபடாத பங்கு அடுத்த சிக்கல். ஒரு பரப்பு 10 பேர்ச். இரண்டு பரப்பு வளவு, நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 5 பேர்ச்தான். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் பொருந்தும் இடங்களில் பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டைப் பிரித்து வீடு கட்ட விடமாட்டார்கள். ஆகவே நாலாகக் கீறாமல், இரண்டு பேர் இங்கே எடுத்து மற்ற இருவருக்கு வேறு காணியோ காசோ கொடுத்து, பாகப்பிரிவினை உறுதி எழுதுவது நல்லது. எல்லோரும் ஒத்துக்கொண்டால் இது சில வாரங்களில் முடியும். வழக்குக்குப் போனால் வருடக்கணக்காகும். பங்குக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகம் வழியாக அற்றோனித் தத்துவம் (தங்கள் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் இங்கே பதிய வேண்டும். "நாங்கள் கேட்க மாட்டம், நீங்கள் கட்டுங்கோ" என்று தொலைபேசியில் சொல்வது அன்பான பேச்சு. பட்டியலில் அது எடுபடாது.

பெண்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வருபவர்களுக்குச் சீதனக் காணி மனைவியின் சொத்துத்தான். ஆனால் அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. கணவன் காணாமல் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, அவர் காணாமல் போயிருக்கிறார் என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று 2016 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக்காக "செத்துப்போனார்" என்று எந்தத் தாயும் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்.

வயல் காணியாக இருந்தால் மண் கொட்டி நிரப்புவதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, 2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கே தண்ணீர் நின்றது என்று அயலில் கேளுங்கள். அங்கே அத்திவாரம் போடாதீர்கள்.

கட்டட அனுமதி

இது அவ்வளவு சிக்கல் இல்லை. உங்கள் பிரதேச சபையிலோ நகர சபையிலோ விண்ணப்பம் வாங்கி, உறுதிப் பிரதி, நில அளவைப் படம், படவரைஞர் வரைந்த வீட்டுப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு கொடுங்கள். சில இடங்களில் இன்னும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை, சில இடங்கள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வரும். படம் கீறுவதற்கு முன் உங்கள் காணி எதற்குள் என்று சபையில் கேளுங்கள்.

மலசலகூடக் குழியைப் படத்தில் சரியான இடத்தில் காட்டுங்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, வெடிப்பும் பொந்துமாக இருக்கும். குழியில் விட்டது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. 50 அடி என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. உங்கள் கிணற்றில் இருந்து அளந்தால் மட்டும் போதாது, பக்கத்து வளவுக் கிணற்றில் இருந்தும் அளந்து பாருங்கள். சுகாதாரப் பரிசோதகர் வரும்போது வீட்டில் நின்று அவரோடு சேர்ந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும், அனுமதித்த படத்தின்படியே கட்டியதை உறுதிப்படுத்தும் அமைவுச் சான்றிதழைச் சபையில் வாங்குங்கள். பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கட்டம் கட்டமாக வரும் காசு

நன்கொடை ஒரே தடவையில் வராது. இந்தியத் திட்டத்தில் 5,50,000 ரூபா நாலு கட்டமாக நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒரு கட்டம் முடிந்து அதிகாரி பார்த்த பிறகுதான் அடுத்தது. அதில் குறைந்த அளவு 550 சதுர அடி. எங்கள் ஆட்கள் விடும் பிழை, 550க்குக் காசு வாங்கி 900க்கு அத்திவாரம் போடுவது. வெளிநாட்டுத் தம்பி மீதியைத் தருவான் என்ற நம்பிக்கை. லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகளை எங்கள் பக்கம் வந்தால் காட்டுகிறேன். 2019இல் ஆட்சி மாறிய பிறகு முந்தைய அரசு தொடங்கிய மாதிரிக் கிராமத் திட்ட வீடுகள் பலவற்றுக்கு அரசுக் காசே நின்றது. அங்கே கடன்பட்டது சனங்கள்தான். ஆகவே இரண்டு அறை, ஒரு குசினி, மேலே கூரை, கதவு. முதலில் அதை முடியுங்கள். பின்னால் நீட்டுவதற்குச் சுவரில் இடம் விட்டு, அந்தப் பக்கம் கிணறோ குழியோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, சீமெந்து, கம்பி, மணல் பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையில் போடுங்கள்.

ஒழுங்கைக்கும் வாய்க்காலுக்கும் நிதி

வீடு வந்தால் மட்டும் குடியிருக்க முடியாது. வழி, வெள்ள வாய்க்கால், தெருவிளக்கு எல்லாம் வேண்டும். முதலில் வழி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. தனியார் ஒழுங்கையில் சபை காசு போடாது. இரு பக்கத்துக் காணிக்காரரும் எழுதிக் கொடுத்து அதைச் சபையின் வீதியாக்க வேண்டும். ஒரே ஒருவர் கையெழுத்து வைக்காததால் எங்கள் ஒழுங்கை இரண்டு வருடம் பிந்தியது. கடைசியில் அவருடைய கதியால் வேலியை நாங்களே பிடுங்கி, உள்ளே தள்ளி நட்டுக் கொடுத்தோம்.

சபைகள் அடுத்த வருடப் பாதீட்டை வருடக் கடைசியில்தான் நிறைவேற்றும். ஆகவே செப்ரெம்பருக்குள் கடிதம் போக வேண்டும். 2023 மார்ச் முதல் சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை, செயலாளர்களோடுதான் பேசினோம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு வட்டார உறுப்பினர் இருக்கிறார், அவர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். பிரதேச சபைகளில் வீடமைப்பு, சமூக அபிவிருத்திக்கு என்று ஒரு குழு இருக்கும். உறுப்பினர் அல்லாத ஊரவரையும் அதில் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டுப் பாருங்கள், எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை.

ஊர் வேலைகளுக்கென்று பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் மாகாண நிதியும் டிசெம்பர் 31க்குள் செலவாக வேண்டியவை. வருடக் கடைசியில் மதிப்பீடு தயாராக உள்ள ஊருக்குத்தான் மிச்சக் காசு போகும். அதனால் சனசமூக நிலையமோ சங்கமோ பதிவைப் புதுப்பித்து, வங்கிக் கணக்கை உயிரோடு வைத்து, கணக்காய்வு அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் மதிப்பீடும் முன்பே வாங்குங்கள்.

சிறிய வேலைகளைச் சங்கமே ஒப்பந்தமாக எடுக்கலாம். 80களின் வீடமைப்புத் திட்டத்திலேயே இந்த முறை தொடங்கிவிட்டது. வேலையும் கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும். ஆனால் அளந்து பார்த்த பிறகுதான் காசு வரும். நாங்கள் 120 மீற்றர் கொங்கிறீற் ஒழுங்கை போட்டபோது காசு மூன்று மாதம் பிந்தியது. அங்கத்தவர் சீட்டுக் காசை எடுத்து மேசன்மாருக்குக் கூலி கொடுத்தோம். அப்படி ஒரு கையிருப்பு இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வேலை நாட்களில் வரவுப் புத்தகத்தை ஒருவர், காசுப் புத்தகத்தை இன்னொருவர் எழுதட்டும்.

பதில் வராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் பிரிவுக்கு இந்த வருடம் எத்தனை வீடுகள், தெரிவான பட்டியல் எது, யாருக்கு எத்தனை புள்ளி" என்று எழுத்தில் கேளுங்கள். கேட்ட காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சுருக்கமாக, ஒன்று இரண்டு என்று இலக்கமிட்டு எழுதுங்கள். கோபத்தைக் கடிதத்தில் எழுதினால் பதில் கோபத்துக்குத்தான் வரும், கேள்விக்கு வராது.

ஒரு பையில் இவற்றைப் போட்டு, வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள்: உறுதிப் பிரதி மூன்று, நில அளவைப் படம், அடையாள அட்டைப் பிரதிகள், குடும்பப் பதிவு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முத்திரை குத்திய கடிதங்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். அம்மாவின் உறுதி இப்போது எங்கள் வீட்டில் ஒன்று, சங்கக் கோவையில் ஒன்று, ரொறன்ரோவில் தம்பியிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது.