விவிட்டார் அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம்: முதல் ரோல் எடுப்பவர்களுக்கு

விவிட்டார் அல்ட்ரா வைட் அண்ட் ஸ்லிம் ஒரு ஃபிலிம் கேமரா. இதில் திருகி மாற்றுவதற்கு எதுவுமே கிடையாது. 22 எம்எம் அகலக்கோண பிளாஸ்டிக் லென்ஸ், அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) எஃப்/11, ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஃபோகஸ் உட்பட எல்லாம் நிரந்தரம். பேட்டரியும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. ஆக, எக்ஸ்போஷரை (படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்பதை) நீங்கள் முடிவு செய்வது ஃபிலிம் வாங்கும்போதுதான்.

நல்ல வெயிலுக்கு ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்திறன்) 100 போதும், மேகமூட்டத்துக்கு 400. நான் எப்போதும் ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ் ஃபிலிம்தான் போடுவேன். உச்சி வெயிலில் இரண்டரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) அளவுக்கு வெளிச்சம் கூடுதலாக விழும், நெகட்டிவ் அதைத் தாங்கிவிடும், வெளிச்சம் குறைந்தால்தான் நிழல் பகுதியில் ஒன்றும் பதியாது. ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஃபிலிம்) மட்டும் வேண்டாம், அது கூடுதல் வெளிச்சத்தைத் தாங்காது.

அடுத்து ஃபிலிம் போடுவது. இங்கே அவசரப்படாதீர்கள். ஃபிலிம் நுனியை வலப்பக்கச் சுருளின் பிளவில் செருகினால் மட்டும் போதாது, ஓரத்துத் துளைகள் பல்சக்கரத்தின் பற்களில் சரியாக மாட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்த கேமராவில் ஷட்டரைத் தயார் செய்வதே அந்தப் பல்சக்கரம்தான். மூடியைத் திறந்து வைத்தபடியே ஃபிலிமை நகர்த்தும் கட்டைவிரல் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி, ஃபிலிம் நேராக இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் சுற்றும்போது இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் பிடியை (ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் பிடி) கவனியுங்கள். அதுவும் கூடவே சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம். முதல் சுற்றில் உள்ளே தொய்வு இருந்தால் சுழலாது, இரண்டு மூன்று படத்துக்குப் பிறகும் அசையவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

(பலர் கேட்டதால் சேர்க்கிறேன்: ஃபிலிம் இல்லாமல் பொத்தானை அழுத்தி ஷட்டர் வேலை செய்யவில்லை என்று கேமராவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்து பல்சக்கரத்தை விரலால் நகர்த்திவிட்டு அழுத்திப் பாருங்கள், ‘டிக்’ என்று கேட்கும்.)

படம் எடுக்கும்போது, ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவிலிருந்து எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். அதனால் தயங்காமல் கிட்டே போங்கள். தள்ளி நின்று எடுத்தால் 22 எம்எம்மில் ஆட்கள் எறும்பளவுக்குச் சுருங்கி, பாதிப் படம் வெறும் தரையும் வானமுமாகிவிடும். வியூஃபைண்டரை முழுதாக நம்ப வேண்டாம், லென்ஸ் அதைவிடக் கூடுதலாகவே பார்க்கும். கேமரா மெல்லியது என்பதால் முன்பக்கம் வளையும் விரல் அப்படியே படத்தில் வந்துவிடும். மேலும் கீழுமாக ஓரங்களை மட்டும் பிடியுங்கள். மூலைகள் இருண்டு வருவது இந்த லென்ஸின் குணம், எனக்கு இந்த கேமராவைப் பிடித்ததே அதனால்தான்.

ரோல் முடிந்து சக்கரம் இறுகிவிட்டால் பலவந்தமாகச் சுற்றாதீர்கள், துளைகள் கிழியும். அடியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீவைண்ட் பிடியை அம்பு காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் பிடி சட்டென்று லேசாகும். அதற்குப் பிறகும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மூடியைத் திறங்கள்.