மூன்று நொடியில் அணைந்துபோகும் புல்வெட்டி வண்டி

ஒஹாயோவில் ஏப்ரல் பிறந்துவிட்டால் புல் ஒரு வாரம்கூடப் பொறுப்பதில்லை. நவம்பரில் கொட்டகைக்குள் நிறுத்திய புல்வெட்டி வண்டியில் போன வருடம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. மூன்று நொடி உறுமிவிட்டு அணைந்தது. ஏழெட்டு முறை முயன்றும் அதே கதைதான். இரண்டு சனிக்கிழமைகளைத் தின்ற அந்தக் கோளாற்றை எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதுகிறேன். பேட்டரி, ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஸ்பேனரைத் தொடாதீர்கள். எஞ்சின் எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். சாவியிலிருந்து கையை எடுத்த அதே கணத்தில் அணைந்தால், சாவி சுவிட்சையும் அதன் வயர்களையும் பாருங்கள். பிளேடை ஓடவிட்டதும் அணைந்தால் இருக்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் மேல் சந்தேகப்படலாம். ஆள் உட்காராமல் பிளேடு சுழலக் கூடாது என்று வைத்திருக்கும் பாதுகாப்பு அது. வயர் கழன்றிருந்தால், நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் இருக்கை காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். என்னுடையதைப் போல ஓரிரு நொடி ஓடி அணைந்தால், அல்லது சோக் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) போட்டால் ஓடி, அதை எடுத்ததும் அணைந்தால், பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அடுத்து, டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் வார்னிஷ் போல நாறும், பிசினாகப் படியும். ஃபியூவல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும்.

பிறகு சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பல எஞ்சின்களில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சொலினாய்டு, அதாவது மின்சாரம் வந்ததும் பெட்ரோல் வழியைத் திறக்கும் வால்வு, இருக்கும். அது 'டிக்' என்று சொல்ல வேண்டும். சத்தமே இல்லை என்றால் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மின்சாரம் வந்தும் அது அசையவில்லையென்றால் பெட்ரோல் வழி திறக்காது.

என்னுடையது 'டிக்' என்றது. ஆகவே கார்புரேட்டர். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் குழாயைக் கவ்வி அடைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிண்ணத்தைக் கழற்றும்போது சிந்துவதைப் பிடிக்க ஒரு டப்பா வேண்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். கிண்ணத்தைத் துடைத்தேன், கார்புரேட்டர் கிளீனரை நாலாபக்கமும் அடித்தேன், பளபளவென்று இருக்கிறதே என்று மூடிவிட்டேன். மறுபடியும் மூன்று நொடி. அடுத்த சனிக்கிழமைதான் நடுவில் இருக்கும் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகை, தனியே கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். வெளிச்சம் தெரியவே இல்லை! கடுகில் பாதிகூட இல்லாத துளை, அதில் பச்சை நிறத்தில் ஏதோ இறுகியிருந்தது. பழைய மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி மெதுவாக நுழைத்தேன், கிளீனர் அடித்தேன், மறுபடி நுழைத்தேன். நாலாவது தடவை ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. ஊசியையோ துளையிடும் பிட்டையோ நுழைக்காதீர்கள்; ஜெட் பித்தளை, துளை பெரிதானால் பெட்ரோல் கணக்குத் தவறிவிடும். ஸ்க்ரூ டிரைவரும் ஜெட்டின் தலையில் உள்ள காடியில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பொருந்தாததைப் போட்டுத் திருகி, காடியின் ஓரத்தை நான் சிதைத்தது தனிக்கதை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கிளீனர் முகத்தில் திருப்பித் தெறிக்கும். ரப்பர் வளையத்தில் அது படக் கூடாது, உப்பிவிடும்.

டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்பு மருந்துகளில் எனக்கு நம்பிக்கையில்லை. முழுக்க அடைத்த துளைக்குள் பெட்ரோலே போகாதபோது மருந்து எப்படிப் போகும்?

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் வண்டி கால் மணி நேரம் நன்றாக ஓடி அணைகிறது, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது என்று எழுதியிருந்தார். அணைந்தவுடன் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனதாம். மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. புது மூடி போட்டார். அவருக்குக் கார்புரேட்டரைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை.