சமாதானம் தேடி வந்து களைத்துப்போகிறவர்களுக்கு

எங்கள் வட்டார வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகும் இளைஞர்கள். "அண்ணா, மனசுல சமாதானமே இல்ல" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்புறம், அந்த வயதில் நாங்கள் செய்த அதே வேலைகளை ஒன்று விடாமல் செய்வார்கள். போனைத் தூரமாக வை, ஜெபத்தில் தூங்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

நாலு மணிச் சபதம்

ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்கு வீடு வந்து சேருகிறவர், யாரோ சொன்ன அனுபவச் சாட்சியைக் கேட்டுவிட்டு அதிகாலை நாலு மணி ஜெபம் என்று முடிவெடுப்பார். ஒரு வாரம் ஓடும். பிறகு ஆபீசில் எரிந்து விழுவார். அந்தக் குற்றவுணர்வில் இன்னும் கொஞ்சம் தூக்கத்தைக் குறைப்பார். 1 இராஜாக்கள் 19ஐ எடுத்துப் பாருங்கள். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை, எழுந்து ஜெபி என்று சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தடவை எழுப்பியதும் சாப்பிடச் சொல்லித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் தோதுப்படுகிறதா? சரி, அதுவே உங்கள் ஜெபவேளை.

ஜனவரி வேகம்

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். கணக்கில் பிழையில்லை. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டினால் ஜனவரி கடைசியில் பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம் வரும். பலருக்கும் வண்டி அங்கேதான் நிற்கிறது. விட்டுப்போன அதிகாரங்கள் வட்டிக்கடன் மாதிரி ஏறும், ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து இருபதை விழுங்குவார்கள். நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது சங்கீதப் புத்தகத்தில் ஆரோகண சங்கீதம் என்று தலைப்பிட்டவை, 120 முதல் 134 வரை. 131, 133, 134 ஒவ்வொன்றும் மூன்றே வசனம். பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டாலும் நின்றுகொண்டே வாசித்துவிடலாம்.

ஊழியத்தை மருந்தாக எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சமாதானம் இல்லை என்று வந்து நிற்கிறவருக்கு நம் சபைகள் கொடுக்கும் முதல் பதில், ஒரு பொறுப்பு.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வந்த புதிதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அமைதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறவங்கதானே, இந்த ஸ்லைடை மட்டும் பாத்துக்கோங்க." ஸ்லைடோடு நிற்குமா? சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு பள்ளி, மே மாதம் விபிஎஸ் என்கிற பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் வீடு வீடாகப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். ஒரு ஞாயிறு திரும்பிப் பார்க்கிறேன்: எல்லாரும் திருவிருந்துக்குப் போய் முழங்காலிட்டிருக்க, இவர் லேப்டாப்பில் அடுத்த கீர்த்தனையின் நாலாவது சரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடைசி ஆளாக ஓடிப்போய் அப்பம் வாங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து பட்டனை அழுத்தினார். வாரத்திலேயே களைப்பான நாள் அவருக்கு ஞாயிறுதான்.

இதில் வேடிக்கை, வேலையில் பரபரத்த மார்த்தாளைவிட இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாள்தான் நல்லதைத் தெரிந்துகொண்டாள் என்ற பிரசங்கத்தை நாம் வருஷம் தவறாமல் கேட்கிறோம். கேட்டு முடித்த கையோடு, அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வெங்காயம் உரிக்க ஆள் தேவை என்று அறிவிப்பு வரும்.

ஊழியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள்: கப்பர்நகூம் ஊரில் ஒரு சாயங்காலம் நோயாளிகளை இயேசுவிடம் கொண்டுவந்து ஊரே வாசலில் கூடியிருந்தது. மறுநாள் இருட்டோடே அவர் தனியாக ஜெபிக்கப் போய்விட்டார். "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்று சீடன் சீமோன் வந்து சொன்னபோது அவர் அந்தக் கூட்டத்திடம் திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். தேடுகிறார்கள் என்பதற்காகப் போய்த்தான் ஆகவேண்டும் என்று அவருக்கே இல்லாத கட்டாயம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

புதிதாக வருகிறவர்கள் முதல் ஒரு வருஷம் வெறுமனே உட்காரலாம். பாடலாம், கேட்கலாம், திருவிருந்தை நிதானமாக எடுக்கலாம். அப்புறம் ஒரே ஒரு பொறுப்பு. இரண்டாவதை ஏற்கும் முன் முதலாவதைக் கைமாற்றிவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்று நழுவினால் மறுவாரம் மறுபடி வந்து கேட்பார்கள். அந்தத் தம்பி ஸ்லைடை ஒரு கல்லூரிப் பையனிடம் ஒப்படைத்தார். கமிட்டியில் கொஞ்ச நாள் முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் வசனம்

தினமும் எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள். நீங்கள் வாசித்தீர்களா?

டாக்டரைத் தவிர்ப்பது

வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், கொலோசெயர் 4:14ல் பவுல் லூக்காவை என்னவென்று அழைக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்: பிரியமான வைத்தியன். கூட்டத்தில் ஜெபக்குறிப்பும் கொடுங்கள், அப்பாயின்ட்மென்டும் வாங்குங்கள்.