வேக நியூட்ரானை அளப்பது எப்படி? முதல்முறை டிடெக்டரைத் தொடுபவர்களுக்கு

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் டிடெக்டர் அதை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. நியூட்ரான் முட்டித் தள்ளிய புரோட்டானைத்தான் பார்க்கிறது. கூடவே காமா கதிர்களும் உள்ளே புகுந்துவிடும். பாதி வேலை இரண்டையும் பிரிப்பதுதான்.

படி 1: ஹைட்ரஜன் நிறைந்த சிண்டிலேட்டர், அதாவது கதிர் பட்டால் ஒளிரும் பொருள், வேண்டும். ஈஜே-301 திரவமோ ஸ்டில்பீன் படிகமோ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் வேண்டாம், அதில் காமாவைப் பிரிக்க முடியாது. ஈஜே-301 எளிதில் தீப்பற்றும். கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 2: அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றும் குழாயான போட்டோமல்டிப்ளையருக்கு மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். வெளிச்சம் புகும் இடுக்கு இருந்தால் குழாய் பாழ். ஏற்றியபின் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

படி 3: காமா தரும் சீசியம்-137 வைத்து அளவுகோலைச் சரிசெய்யுங்கள். முதல் தடவை நான் 662 கெவி (கிலோ எலக்ட்ரான்வோல்ட், ஆற்றலின் அலகு) உச்சியைத் தேடித் தேடிக் களைத்தேன். அது வராது. கரிமப் பொருளில் காமா பெரும்பாலும் காம்ப்டன் சிதறலே அடைகிறது, அதாவது எலக்ட்ரானில் மோதி ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கிறது, ஆகவே 477 கெவியில் ஒரு சரிவான விளிம்புதான் தெரியும். அந்த விளிம்பு மேட்டின் உச்சியில் இல்லை, வலப்பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. இன்னொரு விஷயம்: ஒரே ஆற்றலில் எலக்ட்ரானைவிடப் புரோட்டான் மிகக் குறைவான ஒளியே தரும். 1 மெவி (ஆயிரம் கெவி) புரோட்டான் என்றால் ஐந்தில், ஆறில் ஒரு பங்குதான்.

படி 4: இப்போது நியூட்ரான் தரும் மூலப்பொருளை வைக்கவேண்டும்: தானாகவே அணுக்கரு பிளக்கும் கலிஃபோர்னியம்-252. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் அனுமதித்த பிறகே அதைத் தொடவேண்டும், அதுவும் நீண்ட இடுக்கியால். துடிப்பை எண்களாக மாற்றும் டிஜிட்டைசரில் ஒவ்வொரு துடிப்பையும் இரண்டு விதமாகக் கூட்டுங்கள்: முழு நீளமும் ஒன்று, தலைப்பகுதி மட்டும் ஒன்று. முழுதிலிருந்து தலையைக் கழித்து, முழுதால் வகுத்தால் வாலின் பங்கு கிடைக்கும். புரோட்டான் துடிப்புக்கு வால் நீளம். இந்த எண்ணை ஆற்றலுக்கு எதிராக வரைந்தால் இரண்டு பட்டைகள் தெரியும். மேலே நியூட்ரான், கீழே காமா. இடது ஓரத்தில் இரண்டும் குழைந்து ஒன்றாகிவிடும். அந்த இடத்துக்கு வலப்பக்கமாக வாசலை, அதாவது அதற்குக் கீழுள்ள துடிப்புகளை ஒதுக்கும் எல்லையை, வையுங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று ஆசைப்பட்டு இடப்பக்கம் நகர்த்தாதீர்கள்.

படி 5: ஆற்றல் தெரிய பறப்பு நேரம், அதாவது நியூட்ரான் மூலத்திலிருந்து டிடெக்டருக்கு வர எடுக்கும் நேரம், வேண்டும். மூலத்தின் அருகே இன்னொரு டிடெக்டர் வைத்து, பிளவின்போது வரும் காமாவைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். 2 மீட்டர் தூரத்தைக் காமா சுமார் 6.7 நானோவினாடியில் கடக்கும். 1 மெவி நியூட்ரானுக்கு சுமார் 145 ஆகும், 10 மெவிக்கு 46. காமா உச்சி சரியான இடத்தில் நிற்கவில்லையா? கேபிள் தாமதத்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் என்_டாஃப் (n_TOF) நியூட்ரான் கூடத்தில் இதே கணக்கை சுமார் 185 மீட்டர் பாதையில் செய்கிறார்கள். தூரம் கூடினால் ஆற்றலைப் பிரித்தறியும் துல்லியமும் கூடும்.

படி 6: சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களும் கணக்கில் சேர்ந்திருக்கும். மூலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவே இரும்பும் பாலித்தீனும் சேர்ந்த தடித்த தண்டு ஒன்றை நிறுத்தி, நேர்வழியை அடைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் அதை முதல் அளவிலிருந்து கழித்துவிடுங்கள். இரண்டு ஓட்டங்களும் ஒரே நேர அளவு ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கழிப்பதற்கு முன் நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.