சேர்க்கை முடிவுக்கு முன் வரும் பல்கலைக்கழகக் கடிதங்களை எப்படிப் படிப்பது?

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மூத்த மகளின் பெயரில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்காக ஏப்ரலில் நடக்கவிருந்த வார இறுதிக் கூடலைப் பற்றி அது விரிவாகச் சொன்னது. அந்த நாள்களை வேறு எதற்கும் ஒதுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. இடம் கிடைத்துவிட்டது என்றே நானும் என் மனைவியும் எடுத்துக்கொண்டோம். சென்னையில் இருக்கும் என் அம்மாவுக்கும் அன்றே சொல்லிவிட்டோம். மார்ச் இறுதியில் முடிவு வந்தபோது அவள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். அந்த ஏமாற்றத்தைவிட, ஆறு வாரங்களாக அவளுக்கு நாங்களே வளர்த்துவிட்ட நம்பிக்கைதான் அவளை அதிகமாக வருத்தியது. மகன் விண்ணப்பித்த 2024-25ஆம் கல்வியாண்டில் அதே தவறு நேராதிருக்க நாங்கள் கடைப்பிடித்த முறையை இங்கே எழுதுகிறேன். காமன் ஆப் (பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே தளத்தில் விண்ணப்பிக்க உதவும் பொது விண்ணப்பம்) படிவம், கட்டுரைகள், நிதியுதவி விண்ணப்பம் ஆகியவற்றை நீங்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கடிதத்தின் தேதியையும் விண்ணப்பம் அனுப்பிய தேதியையும் ஒப்பிடுங்கள். விண்ணப்பிப்பதற்கு முன் வந்த கடிதம், அது எவ்வளவு அன்பாக எழுதப்பட்டிருந்தாலும், சேர்க்கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தம் விவரங்களைப் பகிரச் சம்மதித்த மாணவர்களின் பெயர்களை, எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ஸ்டூடண்ட் சர்ச் சர்வீஸ் வழியாகப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் செலுத்திப் பெறுகின்றன. மதிப்பெண் வரம்பு, வகுப்பு, வசிக்கும் பகுதி போன்ற அளவுகோல்களில் உங்கள் பிள்ளையின் பெயர் விழுந்தது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. விண்ணப்பக் கட்டண விலக்கு தருவதாகச் சொல்லும் கடிதமும் பெரும்பாலும் இவ்வகையே.

இரண்டாம் படி: கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். சேர்க்கை அலுவலகம், பன்முகப் பண்பாட்டு மாணவர் அலுவலகம், ஒரு துறை, முன்னாள் மாணவர் ஒருவர் என அனுப்புநர் எவராகவும் இருக்கலாம். விண்ணப்பக் கோப்பைப் படித்து முடிவெடுப்பது சேர்க்கை அலுவலகம் மட்டுமே. முன்னாள் மாணவர் நேர்காணலுக்கு அழைப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியில் நேர்காணல் செய்ய ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

மூன்றாம் படியில்தான் நாங்கள் சறுக்கினோம், ஆகவே இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். கடிதத்தை அச்செடுத்து, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'அழைக்கிறோம்', 'ஊக்குவிக்கிறோம்', 'மகிழ்கிறோம்', 'எதிர்நோக்குகிறோம்' என்ற பொருள் தரும் ஆங்கில வினைகள் எதுவும் பல்கலைக்கழகத்தை எந்தக் கடமைக்கும் உட்படுத்துவதில்லை. அதன் பிறகு, 'சேர்க்கப்பட்டால்' என்று பொருள்படும் நிபந்தனைத் தொடர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மகளுக்கு வந்த கடிதத்தில் அது இரண்டாம் பக்கத்தில், பயணச் செலவைப் பற்றிய பத்தியின் கடைசி வாக்கியத்தில் இருந்தது. முதல் பக்கத்தின் மகிழ்ச்சியில் நாங்கள் அந்தப் பத்தியைப் பேருந்துக் கட்டண விவரமாக மட்டுமே படித்தோம். ஏப்ரல் கூடலுக்கான ஏற்பாடுகளை முடிவுகள் வெளிவந்த பிறகு தொடங்கினால் நாள் போதாது என்பதால், விண்ணப்பித்தவர்களுக்கே முன்கூட்டி அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை; ஆனால் இந்த நாட்டின் நடைமுறைக்குப் புதியவர்களான பெற்றோர் அதை எப்படிப் படிப்பார்கள் என்று ஒருமுறையாவது எண்ணிப் பார்த்து, அந்த வாக்கியத்தை முதல் பக்கத்தில் வைத்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

முடிவுக்கு முன் வரும் கடிதம் எதையும் உறுதி செய்வதில்லை என்பதற்கு ஒரே விலக்கு 'லைக்லி லெட்டர்' எனப்படும் கடிதம். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் தமக்குள் வைத்திருக்கும் ஒப்பந்தம், முறையான முடிவுக்கு முன்பே ஒரு மாணவருக்கு இடம் கிடைக்கும் என்று எழுத்தில் தெரிவிக்க இடமளிக்கிறது. படிப்பையும் நடத்தையையும் அதே நிலையில் வைத்திருந்தால் சேர்க்கைக் கடிதத்துக்கு நிகரான மதிப்பு அதற்கு உண்டு. விளையாட்டு வீரர்களுக்கு இது பெரும்பாலும் செல்கிறது என்றாலும், அவர்களுக்கு மட்டும் உரியதன்று. அது சேர்க்கை அலுவலகத்திலிருந்தே வரும். சேர்க்கையைப் பற்றி நேரடியாகப் பேசும்.

நான்காம் படி: கடிதம் எந்தச் சிறுபான்மையினரைக் குறிக்கிறது என்று கவனியுங்கள். 'ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் கலர்' (வெள்ளையர் அல்லாத மாணவர்கள்) என்ற தொடரில் பொதுவாக இந்தியர்களும் அடங்குவர். 'அண்டர்ரெப்ரசண்டட்' (போதிய பிரதிநிதித்துவம் இல்லாதோர்) என்ற சொல் பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடியினர் ஆகியோரைக் குறிக்கிறது. 'ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்' என்பது இனத்தைப் பற்றியதே அன்று. பெற்றோர் நான்கு ஆண்டுப் பட்டம் பெறாத குடும்பங்களைப் பற்றியது. அமெரிக்காவுக்கு வந்த முதல் தலைமுறை என்று அதைப் புரிந்துகொள்ளும் தமிழ்ப் பெற்றோர் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

இங்கே 2023 ஜூன் 29 அன்று வெளியான அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைவில் கொள்ள வேண்டும். ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகளில், சேர்க்கை முடிவில் இனத்தை ஒரு காரணியாகக் கொள்வதை அந்தத் தீர்ப்பு தடுத்தது. தம் வாழ்க்கையில் இனம் எப்படிப் பாதித்தது என்று மாணவர் தாமே எழுதுவதைக் கருத்தில் கொள்ள மட்டும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் இடம் விட்டார். அதன்பின், காமன் ஆப்பில் குறிக்கப்படும் இன விவரத்தை விண்ணப்பம் படிப்பவர்களின் கண்ணில் படாமல் மறைக்கும் வசதி பல்கலைக்கழகங்களுக்குத் தரப்பட்டது. ஆகவே, மகளுக்கு வந்ததைப் போன்ற கடிதம் இப்போது வந்தால், 'நம் இனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்' என்று எண்ணுவதற்கு முன்பைவிடவும் காரணம் குறைவு. முன்பு குறிப்பிட்ட இனத்தவருக்கென நடந்த பல நிகழ்ச்சிகள் இப்போது எல்லா மாணவர்களும் வரலாம் என்று அறிவிக்கின்றன.

ஐந்தாம் படி: பதிவு செய்யுங்கள். வந்த தேதி, அனுப்பியவர், முக்கிய வினைச்சொல், நிபந்தனைத் தொடர் என நான்கு நெடுவரிசைகள் கொண்ட கூகுள் ஷீட் ஒன்று போதும். சேர்க்கை வாய்ப்பைச் சதவீதத்தில் கணித்துச் சொல்லும் இணையதளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதற்றத்தைக் கூட்டுவதைத் தவிர அவற்றால் எங்களுக்குப் பயன் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பல்கலைக்கழகம் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவர ஆவணத்தைத் திறந்து, சேர்க்கையில் எவை கருதப்படுகின்றன என்று காட்டும் சி7 பகுதியைப் பாருங்கள். மாணவர் காட்டும் ஆர்வம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்று அங்கே குறிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளப்படும் என்றிருந்தால், ஒரு சிறு நன்றி மடலை மாணவரே எழுதட்டும். பெற்றோர் எழுத வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த தாய் ஒருவர், வருமான வரிப் படிவங்களைக் கேட்டு நிதியுதவி அலுவலகம் எழுதியதால் இடம் உறுதி என்று நம்பியதாகத் தெரிவித்தார். முடிவு எடுக்கப்படாத விண்ணப்பதாரர்களிடமும் அந்த ஆவணங்கள் கேட்கப்படும். கேட்ட நாளுக்குள் அனுப்புவது மட்டுமே நம் வேலை. இன்னொருவர் உதவித்தொகை இறுதிச் சுற்று நேர்காணலைப் பற்றிக் கேட்டார். அதற்குரியவர்களை விண்ணப்பங்களைப் படித்த பிறகே தேர்ந்தெடுப்பது வழக்கம் என்பதால் அது நல்ல அறிகுறிதான். ஆனாலும் மூன்றாம் படியை அதற்கும் செய்யுங்கள்.

முடிவு வெளியாகும் இடம் மாணவரின் இணையக் கணக்கு. அதுவரை கூடலுக்கான நாளைக் குறித்துக்கொள்ளலாம்; விமானச் சீட்டு மட்டும் எடுக்க வேண்டாம். இடத்தை ஏற்பதற்கான வழக்கமான கடைசி நாள் மே 1 என்பதால், முடிவு தெரிந்த பிறகும் போதிய நாள்கள் இருக்கும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகனுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. அவனே வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, நிபந்தனைத் தொடரை ஷீட்டில் எழுதிவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டான். அன்று மாலை சென்னைக்குத் தொலைபேசியில் பேசியபோது அந்தக் கடிதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.