‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று சொல்லத் தொடங்கும் முன்

வீட்டில் பேச்சு முற்றும்போது, “இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்” என்று ஒருவரும், “பெரியவர்களுக்கு எதைச் சொன்னாலும் புரியாது” என்று மற்றவரும் முடித்துவிடுவது வழக்கம். அப்படியொரு வாக்கியம் வாய்க்கு வந்தவுடன், நாம் குறை காண்பது வயதையா, பிறந்த தலைமுறையையா, இருவரும் வாழும் சூழலையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சமூகவியலில் இவை மூன்றையும் தனித்தனியாக வைத்தே ஆராய்கிறார்கள். நாம்தான் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறோம்.

இளையவர்கள் ஒரு வேலையில் நிலைப்பதில்லை என்ற குறையையே எடுத்துக்கொள்வோம். அதைச் சொல்லும் பெரியவர் தம் 25 வயதில் எத்தனை இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார் என்று கேட்டால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குச் சூழலைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அல்லாமல் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும் என்ற உறுதியை நம்பி முப்பது ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்தவரின் பொறுமையை, அந்த உறுதி இல்லாமலே பணியில் சேர்ந்தவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பெரியவர்களுக்குக் கைப்பேசி வராது என்பதை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு இலக்க ஓடிபி திரையின் மேல்விளிம்பில் தோன்றி மறைகிறது. தாத்தா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இங்கே தடையாக இருப்பது வெள்ளெழுத்து. அறிவுக் குறைவு அன்று. நாற்பதைத் தாண்டிய எவருக்கும் அது வரும், இன்று சிரிக்கும் பேரனுக்கும் வரும். ஆகவே முதல் வேலையாக, அமைப்புகளுக்குள் சென்று எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். அடுத்தது இதைவிடக் கடினம்: “குடுங்க தாத்தா, நானே பண்ணிடறேன்” என்று கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவர் கற்கப் போவதில்லை; கற்காததையே அடுத்த முறை சான்றாகக் காட்டுவோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “கீழே இருக்கிற பச்சைப் பட்டனைத் தொடுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ரகசிய எண்ணை அவரே அழுத்தட்டும்.

“இளையவர்களுக்கு எந்தக் கருவியும் கைவரும்” என்று புகழ்ச்சியாகச் சொல்லும் பொதுமையும் சுமைதான். வயது குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அலுவலகத்தில் பிரிண்டர் மக்கர் செய்யும்போதெல்லாம் கூப்பிடப்படும் பெண்ணைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

இத்தகைய பேச்சை வேறொருவர் தொடங்கினால் எதிர்வாதம் தேவையில்லை. “எந்தப் பிள்ளை, என்ன செய்தான்?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் வெளிவரும். அதன் பின் அந்த ஒருவரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.